தோற்றவர் பெட்டி கட்ட வேண்டும்

ரோலா, சார்ஜா
5.1.2004

திரு. அம்மையப்பன் அவர்களுக்கு,

'அன்புள்ள அத்தான்' என்று தொடங்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். கவனிக்க வேண்டும் என்றுதான் தொடங்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை நான்தான் போனை டக்கென்று வைத்தேன். ஒத்துக்கொள்கிறேன். இனி நீங்கள் அடித்தாலும் எடுக்கமாட்டேன். போனில் உங்களோடு கதைத்து வெல்ல ஏலாது. நான் ஒரு வசனம் முடிப்பதற்குள் நீங்கள் மூன்று பகிடி விட்டு, என்னைச் சிரிக்க வைத்து, கதையை மாற்றிப் போடுவீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பாருங்கோ. அதனால் எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கோ.

வைகாசியில் எங்கள் கல்யாணம். அதற்குப் பிறகு யார் யாரிடம் போவது என்பதுதான் கேள்வி. எனக்கு இங்கே பாமசியில் ஐந்து வருஷ வேலை. மருந்து வாங்க வருகிற ரோலாச் சனத்தில் பாதிப்பேரின் வருத்தமும் அதற்குரிய மருந்தும் எனக்கு மனப்பாடம். ஜெயசீலன் அண்ணாவும் அண்ணியும் பக்கத்துத் தெருவில். உங்களுக்கு பஹ்ரைனில் லிப்ட் மெக்கானிக் வேலை. அஜ்மானில் இருந்த மனுஷன் என்னைப் பெண் கேட்டு, மோதிரம் மாற்றி, மூன்றாம் மாசமே பஹ்ரைனுக்குப் போனது உங்கள் விருப்பம். நான் தடுக்கவில்லை.

யார் வேலையை விடுவது என்று கேட்டேன். "இதென்ன கேள்வி? பொண்ணுதானே வரணும்" என்றீர்கள். துபாய் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டவனுக்குக் கையைக் காட்டுவது போல. ஒரு நொடி யோசிக்கவில்லை. வரச் சொன்னதில் எனக்குக் கோபம் இல்லை. என்னைக் கேட்காமலே அது முடிந்த விஷயமாக இருந்ததே, அதுதான் கோபம்.

சரி, ஒரு பந்தயம். அடுத்த மாசம் 12ஆம் தேதி வியாழக்கிழமை இங்கே சார்ஜாவில் தீவு நாடுகளுக்கு ஒரு பாட்டுப் போட்டி வைக்கிறார்கள். இலங்கை, மாலைதீவு, மொரிசியஸ், பஹ்ரைன். ஒரு நாட்டுக்கு ஒரு புதுப் பாட்டு. பாட்டுகளை மட்டும் ரேடியோவிலும் போடுவார்களாம். இலங்கைக் குழுவில் நான் பாடுகிறேன். பஹ்ரைன் குழுவில் உங்கள் கேம்ப் ஆட்களைச் சேர்த்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். இலங்கை பஹ்ரைனை முந்தினால் நீங்கள் இங்கே வரவேண்டும். பஹ்ரைன் முந்தினால் நான் அங்கே வருகிறேன். தோற்றவர் பெட்டி கட்ட வேண்டும். சம்மதமா?

யோகராணி

•

சல்மாபாத் கேம்ப், பஹ்ரைன்
11.1.2004

அன்புள்ள ராணிக்கு,

நான் 'அன்புள்ள' என்றுதான் போடுவேன். எனக்குக் கோபம் எழுத வராது.

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் சிரித்தேன், அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. நான் யோசிக்காமல் சொன்னது உண்மைதான். எங்கள் ஊரில் அப்பா, சித்தப்பா, பெரியப்பா, யாரும் அப்படி ஒரு கேள்வியைக் கேட்டதும் இல்லை, யோசித்ததும் இல்லை. ஆனால் அதற்காக விட்டுக்கொடுத்துவிடுவேன் என்று நினைக்காதே. இங்கே ஃபோர்மேன் ஆக்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பந்தயம் சம்மதம்.

எங்கள் ஆட்களைப் பாட்டில் சேர்த்த கதையைக் கேள். மனாமாவில் ஒரு கட்டிடத்தில் லிஃப்டின் எடைக்கல்லைக் கயிறு கட்டி மேலே இழுத்துக்கொண்டிருந்தோம். நம்ம பயல்களுக்குச் சும்மா இழுக்க வராது. வேலுச்சாமி "ஐலசா" போட்டால்தான் கை ஓடும். அந்தக் கட்டிடத்தில் வேலை பார்க்கும் இசா என்ற பஹ்ரைனி படியில் நின்று கேட்டிருக்கிறான். அவன் தாத்தா முத்துக் குளிக்கப் போன படகிலும் இப்படித்தான் ஒருவர் பாட மற்றவர்கள் எதிர்க்குரல் கொடுப்பார்களாம். "யல்லா, வாங்க, நீங்க எல்லாரும் என் பாட்டுல இருக்கீங்க" என்று ஆளுக்கொரு டீ வாங்கிக் கொடுத்தான். அவ்வளவுதான், நாங்கள் பஹ்ரைன் நாட்டுப் பாடகர்கள் ஆகிவிட்டோம்!

சார்ஜாவுக்கு இசாவும் நாலு பேரும்தான் வருகிறார்கள். எனக்கு லீவு கிடைக்கவில்லை. புதுக் கட்டிடத்து லிஃப்டை அதே வாரம் ஒப்படைக்க வேண்டும். ஆனால் எங்கள் "ஐலசா"வைக் கேட்டால் உங்கள் அரங்கத்துக் கூரை பிய்ந்துவிடும். நீ இப்போதே பெட்டி வாங்கி வை. சக்கரம் வைத்ததாகப் பார்த்து வாங்கு.

அம்மையப்பன்

•

ரோலா
22.1.2004

திரு. அம்மையப்பன் அவர்களுக்கு,

பெட்டி வாங்கவில்லை. உங்கள் அளவுக்கு ஒரு பெரிய பெட்டி சார்ஜாவில் எங்கே கிடைக்கும் என்று மட்டும் விசாரித்தேன்.

எங்கள் பாட்டு தயார். நிஹால் என்று ஒரு சிங்களவர், பாடசாலையில் சங்கீதம் படிப்பிக்கிறவர், அவர்தான் தலைவர். பாதி சிங்களம், பாதி தமிழ். முதலில் பின்னால் நின்று 'ஆ' போடுகிற வேலைதான் எனக்குத் தந்தார்கள். ஒரு நாள் நிஹால், தமிழ் அடிகளை எழுதித் தாருங்கோ என்று கேட்டார். எழுதிக் கொடுத்து, எப்படிப் பாடவேண்டும் என்று பாடியும் காட்டினேன். மனுஷன் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, "இனி நீங்கள் முன்னுக்கு நில்லுங்கோ" என்றார்.

கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற அக்காவை, சோறு ஆறப்போகுது வா என்று ஒரு தங்கச்சி இந்தப் பக்கம் நின்று கூப்பிடுகிறாள். அவ்வளவுதான் பாட்டு. அக்கா சிங்களத்தில் பதில் சொல்லுவாள், நான் தங்கச்சி.

இங்கே விடுமுறைக்கு வந்த உங்கள் ரூம் சதக்கத்துல்லா நானாவிடம் ஒத்திகைக் கசற் ஒன்று கொடுத்துவிட்டிருக்கிறேன். கேட்டுப் பயப்படுங்கோ.

யோகராணி

பி.கு: ஃபோர்மேன் ஆகப்போகிற செய்தியை இந்தச் சண்டைக்குள் சொல்லிவிட்டீர்களே. வாழ்த்துகூடச் சொல்ல விடாத சண்டை இது. வாழ்த்துகள்.

•

சல்மாபாத்
4.2.2004

அன்புள்ள ராணிக்கு,

கேசட் வந்தது. பெருநாள் லீவு, ரூமில் எல்லாரும் இருந்தார்கள். சதக்கத்துல்லா பாய் பிரியாணி ஆக்கிக்கொண்டிருந்தார். நான் சும்மா சத்தமாக வைத்தேன், எதிரிப் படையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று.

நீ "சோறு ஆறப்போகுது" என்று இழுக்கிற இடம் வந்தது. வேலுச்சாமி ரீவைண்ட் பண்ணினான். மறுபடி கேட்டு மறுபடி ரீவைண்ட் பண்ணினான். அடுத்த ரூம்காரர்கள் வாசலில் வந்து நின்றார்கள். சதக்கத்துல்லா பாய் சட்டுவத்தைக் கையில் பிடித்தபடி நின்றதில் பிரியாணி அடிப்பிடித்துவிட்டது. "மதினி நம்மளச் சாப்பிடக் கூப்பிடுற மாதிரியே இருக்குண்ணே" என்றான் வேலுச்சாமி. உன்னை அன்றிலிருந்து கேம்ப் முழுக்க மதினி என்றுதான் சொல்கிறார்கள். உனக்கு இங்கே அறுபது கொழுந்தனார்கள்.

எனக்கு எப்படி இருந்தது என்று எழுதமாட்டேன். போட்டி முடியட்டும்.

விதியைப் படித்தாயா? ஜனங்கள் போன் அடித்து ஓட்டுப் போட வேண்டும், ஆனால் தான் இருக்கிற நாட்டுக்குத் தானே போட முடியாது. அதனால் எங்கள் ஓட்டு எங்கள் பாட்டுக்கு இல்லை. யாருக்கு என்று சொல்லமாட்டேன்.

அம்மையப்பன்

•

ரோலா
14.2.2004

திரு. அம்மையப்பன் அவர்களுக்கு,

முடிவு உங்களுக்குத் தெரிந்திருக்கும். மாலைதீவு முதலாம் இடம். பஹ்ரைன் இரண்டாவது. மொரிசியஸ் மூன்றாவது. மிச்சம் இருப்பது நாங்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். நாங்கள் நன்றாகத்தான் பாடினோம். நான் பாடி முடித்தபோது சனம் கைதட்டத் தொடங்கியது. நிற்கவே இல்லை. நிஹால் மேடையிலேயே அழுதுவிட்டார். உங்கள் "ஐலசா"வும் நல்லாய்த்தான் இருந்தது. நானே கால் தட்டினேன், அதை மறைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் சனியன் பிடித்தது. மேடையில் ஒரு மேசை, அதில் நாலு மொபைல், ஒவ்வொன்றிலும் ஒரு நாட்டுக் கொடி. போன் அடித்தால் ஒரு ஆள் எடுப்பார். அடித்தவர் தன் பெயரையும் நாட்டையும் சொன்னால் பலகையில் ஒரு கோடு விழும். மற்ற போன்களெல்லாம் ஒழுங்காய் அடித்தன. எங்கள் போன் மட்டும் ஒரு தரம் அடித்து நிற்கும். எடுத்தால் ஆள் இல்லை. கீழே வைத்தால் திரும்ப ஒரு தரம் அடிக்கும். நிற்கும். முழு நேரமும் இதே கூத்து. அறிவிப்பாளர், "இலங்கைப் போனுக்கு விக்கல் பிடிச்சிட்டுது, ஆராவது தண்ணி குடுங்கோ" என்றார். அரங்கம் முழுக்கச் சிரித்தது. நான் முன்வரிசையில் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன். உண்மையாய் எங்களுக்குப் போட நினைத்தவர்களுக்கு எந்நேரமும் எங்கேஜ் சத்தம்தான் கேட்டதாம். என் பாமசிக்கு வருகிற ஒரு மலையாளி அம்மா மறுநாள் வந்து மன்னிப்புக் கேட்டார்.

போனை எடுத்துக்கொண்டிருந்த ஆளிடம் பிறகு கேட்டேன். வந்ததெல்லாம் பஹ்ரைன் நம்பர்களாம்.

கேட்கக் கூடாது என்று ஒரு நாள் முழுக்க இருந்தேன். முடியவில்லை. ஒருவரின் லைனை அடைத்துவைக்க இது நல்ல வழி. உங்கள் கேம்ப் பெடியள் விளையாட்டுக்கு அப்படிச் செய்தார்களா? நீங்கள் செய்யச் சொன்னீர்களா?

பந்தயம் பந்தயம்தான். தோற்றேன், வைகாசிக்குப் பிறகு வருகிறேன். பதிலை மட்டும் எழுதுங்கோ.

யோகராணி

•

சல்மாபாத்
18.2.2004

ராணி,

சதக்கத்துல்லா பாயின் சொந்தக்காரர் இன்று சாயங்காலம் துபாய் வருகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தபாலுக்குக் காத்திருக்க என்னால் முடியாது. நீ போனை எடுத்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன்.

அடித்தது நாங்கள்தான். ஆனால் நீ நினைக்கிற மாதிரி இல்லை. நான் சொன்னது, "பாட்டு முடிஞ்சதும் எல்லாரும் இலங்கைக்குப் போடுங்க" என்று. சொல்லிவிட்டு டூட்டிக்குப் போய்விட்டேன். சாயங்காலம் முழுக்க லிஃப்ட் குழிக்குள் கிடந்தேன், அங்கே சிக்னல் மாஃபி, சுத்தமாகக் கிடையாது. திரும்பி வந்தால் கேம்ப்பில் திருவிழா. பாயசம் வைத்திருந்தார்கள். "அண்ணே, மதினிய ஜெயிக்க வச்சுட்டோம்" என்று வேலுச்சாமி என்னைத் தூக்கிவிட்டான். "எடுத்தவங்க என்னலே கேட்டாங்க?" என்றேன். வேலுச்சாமிதான் பதில் சொன்னான்:

"எடுக்க எங்கண்ணே விட்டோம்? எடுக்கறதுக்குள்ள கட் பண்ணிட்டோம்ல. நம்ம நம்பருதான் விழுந்துருக்கும்ல, எண்ணிக்கிட மாட்டாகளா?"

ராணி, எங்கள் கேம்ப்பில் காரியங்கள் நடப்பதே மிஸ்டு காலில்தான். சாப்பாடு தயார் என்றால் ஒரு ரிங். கம்பெனி பஸ் வந்தால் ரெண்டு ரிங். ஊருக்கு ஒரு ரிங் விட்டால் நான் நல்லா இருக்கேன் என்று அர்த்தம், அங்கிருந்து திரும்ப ஒரு ரிங் வந்தால் அவர்களும் நல்லா இருக்கிறார்கள். போனை ஒருத்தர் எடுத்துவிட்டால் இவர்களுக்கு அது விபத்து. நிஜமாகவே பதறிக் கட் பண்ணுவார்கள். வேலுச்சாமி உனக்குப் பதினைந்து ஓட்டுப் போட்டானாம். பெருமையாகச் சொன்னான். இசா போன் அடித்து முடிவைச் சொன்னதும் பாயசத்தை யாரும் தொடவில்லை.

நான் ஏன் உனக்குப் போடச் சொன்னேன் என்று கேட்பாய். தோற்க வேண்டும் என்று ஆசைப்பட்டு இல்லை. எனக்கு ஜெயிக்கத்தான் ஆசை. ஆனால் கேசட் கேட்ட அன்றைக்கு ராத்திரி, எல்லாரும் தூங்கிய பிறகு அதைத் தனியாக இன்னொரு தரம் போட்டுக் கேட்டேன். நல்லா இருப்பதை நல்லா இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவுதான்.

பயல்கள் ஒழுங்காகப் பேசியிருந்தால் நீ எங்களைத் தாண்டியிருப்பாய். அதனால் நீ ஜெயித்தாய், நான் வருகிறேன். கலாஸ், பேச்சு முடிந்தது.

அம்மையப்பன்

•

ரோலா
23.2.2004

அன்புள்ள அம்மையப்பனுக்கு,

சந்தேகப்பட்டதற்கு மன்னியுங்கோ. விசர்த்தனம். கடிதத்தைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் அண்ணி ஓடிவந்து நெற்றியில் கைவைத்துப் பார்த்தா.

ஆனால் பந்தயத்தில் மாற்றம் இல்லை. பலகையில் விழாத கோடு விழாததுதான். விழுந்திருக்கும், வந்திருக்கும் என்று இரக்கப்பட்டுத் தருகிற வெற்றி எனக்கு வேண்டாம். என்னைக் கேட்காமல் நான்தான் வரவேண்டியவள் என்று முதலில் முடிவு செய்தீர்கள். இப்போது என்னைக் கேட்காமல் நான் வென்றவள் என்கிறீர்கள். இரண்டும் ஒன்றுதான். பஹ்ரைன் என்னைவிடப் பத்தொன்பது கோடு கூட. நான் வருகிறேன்.

முதலாளியிடம் இன்னும் சொல்லவில்லை. மாசம் முடிந்ததும் சொல்லுவேன்.

யோகராணி

•

ரோலா
28.2.2004

அன்புள்ள அத்தான்,

ஓம், அத்தான்தான். மூச்சு வாங்க வாங்க எழுதுகிறேன்.

நேற்று வெள்ளிக்கிழமை. ரோலா எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், தெருவில் கால்வைக்க இடமில்லை, கடைக்குள் ஒரே இருமல். நாலு மணிபோல என் மொபைல் அடித்தது. பஹ்ரைன் நம்பர். நீங்களாக்கும் என்று எடுக்காமல் விட்டேன். நிற்கவில்லை. விடாமல் அடித்தது. சரியென்று எடுத்தால் ஒரு புதுக் குரல், அவசர அவசரமாக:

"மதினி, நான் வேலுச்சாமி, முதுகுளத்தூர் பக்கம். இருக்கது பஹ்ரைன். என் ஓட்டு இலங்கைக்கு. கட் பண்ணிராதீக, நானும் பண்ணலை."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "போட்டி முடிஞ்சுதே தம்பி" என்றேன். "முடிஞ்சா என்ன மதினி, நாங்க போடலைல்ல. நம்பர அண்ணன் போன்லருந்துதான் எடுத்தோம், அவருக்குத் தெரியாது, சொல்லிராதீக. கயித்த இழுத்துட்டு நடுவுல விட்ட மாதிரி இருக்கு எங்களுக்கு" என்றான். அவன் கதைத்து முடித்து நான் போனைக் கீழேகூட வைக்கவில்லை, அதற்குள் அடுத்தது. "மதினி, நான் விமல், அருப்புக்கோட்டை." அடுத்தது சதக்கத்துல்லா நானா, ஓட்டுப் போட்டுவிட்டு அந்த அடிப்பிடித்த பிரியாணிக்கு யார் காரணம் என்றும் கேட்டார். ஒருவர் தன் பெயரைச் சொல்ல மறந்து போய் ஊர், தாலுகா எல்லாம் சொன்னார். ஒருவர் ஒன்றும் சொல்லாமல் "சோறு ஆறப்போகுது" அடியைப் பாடினார், சுருதி எங்கேயோ போனது, நான் திருத்தவில்லை. இன்னொருவர், "எங்க அக்காவ நான் பாத்து ஆறு வருசமாச்சுங்க" என்றார்.

மருந்துக்கு நின்ற சனம் என்னைச் சுற்றி வந்துவிட்டது. முதலாளி, "கியா ஹோ ரஹா ஹை, என்ன நடக்குது?" என்று கத்தியபடி வந்தவர், விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தானே கல்லாவில் நின்றார். நிஹாலுக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் ஒரு மருந்து அட்டைப் பெட்டியைக் கிழித்து, முறைப்படி கோடு போடத் தொடங்கினார். பத்தொன்பதைத் தாண்டியபோது கடைக்குள் எல்லாரும் கைதட்டினார்கள். அந்த மலையாளி அம்மா தன் கோட்டையும் போட்டா. கடைசி ஆள் அடித்து முடிக்கும்போது என் போனில் சார்ஜ் போய்விட்டது.

அத்தான், இது நீங்கள் தந்த வெற்றி இல்லை. உங்களுக்குத் தெரியாமலே எனக்கு வந்த வெற்றி. ஒவ்வொருவராய்த் தன் பெயரைச் சொல்லித் தந்தது. இதை எடுத்துக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

அண்ணி என்ன சொன்னா தெரியுமோ? "வெண்டிட்டாய்தானே, இனிப் பெருந்தன்மையா, பரவாயில்லை நானே வாறன் எண்டு எழுது. அதுதான் வடிவு." எனக்கும் அது வடிவாய்த்தான் பட்டது. அப்படியே எழுத உட்கார்ந்தேன். 'ஆனாலும் நான்' என்று எழுதியும்விட்டேன். பிறகு யோசித்தேன். நீங்கள் வென்றிருந்தால் யாராவது உங்களிடம் வந்து, விட்டுக்கொடு தம்பி, அதுதான் வடிவு என்று சொல்லியிருப்பார்களா? அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

வென்றேன். நீங்கள் வாங்கோ.

உங்கள்
ராணி

•

சல்மாபாத்
8.4.2004

அன்புள்ள ராணிக்கு,

விசா வந்துவிட்டது. என் பழைய அஜ்மான் கம்பெனியே திரும்ப எடுத்துக்கொண்டது. ஃபோர்மேன் இல்லை, பழைய வேலைதான். போகட்டும். சனிக்கிழமை மத்தியான ஃப்ளைட். அதற்கு முன் இது உன் கையில் கிடைக்க வேண்டும் என்று நாளைக்குத் துபாய் வருகிற ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

கேம்ப் என்னைப் பாடாய்ப் படுத்துகிறது. "மறுவீட்டுக்கு எப்பண்ணே வருவீக?" என்கிறான் விமல். "போற எடத்துல அடக்க ஒடுக்கமா இருங்க" என்று சதக்கத்துல்லா பாய் புத்தி சொல்கிறார். எனக்கு அறுபது நாத்தனார்கள் இருப்பது இப்போதுதான் தெரிகிறது. இசா வந்து ஒரு பெட்டி பேரீச்சம்பழம் கொடுத்தான். மாப்பிள்ளை வீட்டுச் சீதனம் என்று அவனுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நானும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தேன்.

இன்று பெட்டி கட்டினேன். சுவரில் என் சட்டை மாட்டுகிற ஆணி ஒன்று உண்டு. அது இனி யாருக்கு என்று வேலுச்சாமியும் விமலும் பேசிக்கொண்டிருந்தார்கள், நான் அங்கேயே நிற்கிறேன். என் கட்டில் இடத்தில் வரப்போகிற ஆளின் பெயர்கூட முடிவாகிவிட்டது. ஒரு தப்பும் இல்லை, நானும் இப்படித்தான் வேறொருவன் ஆணிக்கு வந்தேன். ஆனாலும் அந்த ஆணியில் இருந்த சட்டையைக் கடைசியாகத்தான் எடுத்து மடித்தேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் எல்லாரும் தங்கள் தட்டிலிருந்து ஒரு துண்டு மீனை என் தட்டில் வைத்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது, ராணி. முப்பத்து மூன்று வயது ஆம்பளை, மீனைப் பார்த்து அழுதேன். யாரும் கிண்டல் பண்ணவில்லை.

எங்கள் அக்கா கல்யாணம் முடிந்து கார் ஏறும்போது, ஏன் இந்த அழுகை அழுகிறாள், பக்கத்து ஊருக்குத்தானே போகிறாள் என்று எரிச்சல்பட்டவன் நான். சாப்பிட்டதும் அவளுக்குப் போன் போட்டேன். ரிங் விட்டு வைக்கவில்லை, முழுசாகப் பேசினேன். "அன்னைக்கு உனக்கு எப்படிக்கா இருந்துச்சு?" என்று கேட்டேன். "இத்தனை வருசத்துல இத நீதாம்லே கேட்டிருக்க" என்றாள்.

உன்னிடம் அன்றைக்கு எவ்வளவு பெரிய காரியத்தை எவ்வளவு லேசாகச் சொல்லியிருக்கிறேன் என்று இப்போதுதான் உறைக்கிறது.

வருவதில் எனக்கு வருத்தம் இல்லை. சந்தோஷம்தான். ஆனால் பயமாகவும் இருக்கிறது. சனிக்கிழமை ஏர்போர்ட்டுக்கு நீயே வா, உன் அண்ணனை மட்டும் அனுப்பாதே. கொஞ்சம் முன்னதாகவே வந்து, நான் வெளியே வந்ததும் கண்ணில் படுகிற மாதிரி நில்.

உன்
அம்மையப்பன்